பேரரசியின் ஜடைவில்லை: ஒரு பழைய உருவப்படத்தின் முன் எப்படி நிற்பது

வியன்னாவுக்குப் போய் வந்தவர் யாராவது உங்களுக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்திருந்தால், அதன் மூடியில் இந்தப் பெண் இருந்திருக்கலாம். வெள்ளை உடை, திறந்த தோள்கள், கனத்த பின்னலில் ஆங்காங்கே வைர நட்சத்திரங்கள், தோளுக்கு மேலாகத் திரும்பிய ஒரு பார்வை. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். வீட்டில் சிசி. 1865-இல் ஃபிரான்ஸ் சேவர் வின்டர்ஹால்டர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் அது.

நான் இதை முதலில் பார்த்தது ஒரு நண்பர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்த வில்லையாக. "லட்சணமான பொண்ணு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். பல வருடங்கள் கழித்து, படம் இருக்கும் வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனைக்குப் போனபோதும் கதை பெரிதாக மாறவில்லை. கூட்டிப்போன வழிகாட்டி நிற்க விட்டால்தானே. திரும்பி வந்து, பெரிய திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் படம் மெல்ல வாய் திறந்தது. உருவப்படம் பார்க்கப் புதிதாக வருபவர்கள் இந்த ஒரு படத்தை வைத்தே பழகலாம் என்று நினைக்கிறேன். கீழே இருப்பது நான் பழகிய வரிசை.

முதல் வேலை, பெயர்ப்பலகையைப் படிக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம் போதும். சிசியின் வாழ்க்கை வேறு ஒரு பெரிய கதை. 60 வயதில் ஜெனீவாவில் குத்திக் கொல்லப்பட்டவர், 1950-களில் வந்த திரைப்படங்களால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். அந்தச் சோகத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் 27 வயதுப் பெண்ணின் கண்ணில் இல்லாத கண்ணீரெல்லாம் தெரியும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, பார்த்ததை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். கையில் என்ன இருந்தது? பின்னால் என்ன இருந்தது? பாதி விடுபட்டிருக்கும். மறுபடி திரும்புங்கள். இந்த இரண்டாவது பார்வையில்தான் நாம் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறோம்.

அடுத்தது அளவு. திரையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். படம் 255 செ.மீ. உயரம், 133 செ.மீ. அகலம். நம் வீட்டு வாசற்கதவு பொதுவாக ஏழடி. இந்தக் கான்வாஸ் எட்டேகால் அடிக்கும் மேல். நிமிர்த்தி உள்ளே கொண்டுவர முடியாது. வீட்டில் காலிச் சுவர் இருந்தால் சாக்பீஸால் அந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, எதிரே போய் நின்று பாருங்கள். எலிசபெத்தின் உயரம் 172 செ.மீ. அதாவது படத்தில் அவர் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் நிற்கிறார், தரையிலிருந்து சற்று மேலே. நாம் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அலைபேசியில் கட்டைவிரலால் தள்ளிவிடும்போது இந்த மரியாதை மொத்தமும் தலைகீழாகிவிடுகிறது. நாம் குனிந்து பார்க்கிறோம், அவர் உள்ளங்கையில் இருக்கிறார்.

அளவு தெரிந்ததும் தானாக ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பெரிய படத்தை யார் கேட்டது, எங்கே மாட்ட? அரச உருவப்படம் எதுவானாலும் அது முதலில் ஓர் ஆர்டர். கோயில் சிற்பிக்குச் சிலையின் லட்சணம் சொல்லும் தியான சுலோகம் போல, வரைபவருக்கு ஒரு நிபந்தனைப் பட்டியல் உண்டு. உடல் முழுதும் தெரிய வேண்டும், விழாக்கால உடை, கம்பீரம். வின்டர்ஹால்டர் அதே ஆண்டில் கணவர் ஃபிரான்ஸ் யோசெஃபையும் ராணுவ உடுப்பில் வரைந்தார். இரண்டும் ஜோடிப் படங்கள். எனவே சிசியைத் தனியாகப் பார்க்கும்போது, பக்கத்தில் ஒரு ஆள் விறைப்பாக நிற்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணவர் சிசியின் பெரியம்மா மகன். நம் முறைப்படி அண்ணன் ஆகவேண்டும். ஐரோப்பிய அரச வம்சங்களின் குடும்ப மரத்தைப் பார்த்தால் நம்மூர்ப் பெரியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், அதை விடுங்கள்.

இனி முக்கியமான படி. அரசியின் படத்தில் கிரீடம் எங்கே என்று தேடுங்கள்.

இல்லை. தலையில் கிரீடமும் இல்லை, பக்கத்து மேசையில் மெத்தை மேல் வைத்த கிரீடமும் இல்லை. அரச உருவப்படங்களில் வழக்கமாக வரும் செங்கோல், சிம்மாசனம், மேலங்கி ஒன்றும் இல்லை. பிள்ளைகளும் இல்லை, இத்தனைக்கும் அப்போது அவருக்கு உயிரோடு இரண்டு குழந்தைகள் உண்டு. கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் முடி இருக்கிறது. வைரம் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ராக்கொடி, ஜடைவில்லை, ஜடைநாகம், சூரியப்பிரபை, சந்திரப்பிரபை என்று பின்னலுக்கென்றே தனி நகை வரிசை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். கல்யாணப் பெண்ணை முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டு, "திரும்பும்மா, ஜடையைப் பார்க்கலாம்" என்று சொல்லும் அத்தைமார்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். வின்டர்ஹால்டரும் அதைத்தான் செய்திருக்கிறார். சிசியைத் திருப்பி நிற்க வைத்திருக்கிறார்.

அந்த நட்சத்திரங்கள் உண்மை நகைகள். வியன்னாவின் அரசவை நகைக்கடைக்காரரான கோஷெர்ட் செய்தவை பத்து முனை கொண்டவை, நடுவில் முத்து பதித்தவையும் உண்டு. ரோசெட் அண்ட் ஃபிஷ்மைஸ்டர் என்ற இன்னொரு கடையும் முத்தில்லாத நட்சத்திரங்கள் செய்து கொடுத்தது. மொத்தம் 27 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சிசி பிறந்தது 1837 டிசம்பர் 24. படம் வரைந்த ஆண்டில் வயதும் 27. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. படத்தில் எத்தனை தெரிகின்றன என்று நீங்களே எண்ணுங்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, எண்ணும்போது பின்னல் எப்படிச் சுற்றிப் போகிறது, எங்கே மறைகிறது என்று கண் தானாகப் பின்தொடரும். அதற்காகத்தான் சொல்கிறேன். இந்த நட்சத்திரங்களில் ஒன்று 1998-இல் ஷோன்புருன் அரண்மனைக் கண்காட்சியிலிருந்து திருடுபோனது. அந்த இடத்தில் நகல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அசல் 2007-இல் கனடாவின் வின்னிபெக்கில் கிடைத்தது.

முடிக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் தெரிந்துகொண்டால் படம் வேறு மாதிரி கனக்கும். கணுக்கால் வரை வளர்ந்த முடி. தினமும் வாரிப் பின்னி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை முட்டை மஞ்சள் கருவும் கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியும் கலந்து தேய்த்துக் குளியல். அன்று முழுக்க வேறு வேலை கிடையாது. (சீயக்காய் கிடைத்திருந்தால் செலவு மிச்சம்.) பின்னியவர் ஃபான்னி ஆங்கரர். புர்க் நாடக அரங்கில் நடிகைகளுக்குத் தலை அலங்காரம் செய்துகொண்டிருந்தவரை 1863-இல் சிசி அரண்மனைக்கு இழுத்துக்கொண்டார், ஆண்டுக்கு 2000 குல்டன் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) சம்பளத்தில். கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்ற அரண்மனை விதியையும் அவருக்காகத் தளர்த்தினார்கள். ஓவியத்தின் மூலையில் கையெழுத்து ஓவியருடையதுதான். படத்தில் பாதி ஃபான்னியின் வேலை என்று நான் சொல்வேன்.

உடைக்கு வருவோம். அதை பாரிஸில் கடை வைத்திருந்த சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் தைத்ததாகச் சொல்வது வழக்கம். துணி டியூல், நம் ஜவுளிக்கடையில் 'நெட்' என்று கேட்டு வாங்குவோமே, அந்தக் குடும்பம். அதன் மேல் ஜிகினா போல மினுமினுப்பு. 1860-களின் நடுவில் பாவாடைக்குள் அணியும் வளையக் கூட்டின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. முன்பு மணி கவிழ்த்தது போல எல்லாப் பக்கமும் உப்பியிருந்தது, இப்போது முன்பக்கம் தட்டையாகி, விரிவெல்லாம் பின்னால் போயிற்று. ஆகவே அந்த ஆண்டு உடையின் விசேஷமே முதுகுப் பக்கம்தான். திரும்பி நிற்கும் தோரணைக்குப் பெரிய உளவியல் காரணம் தேடும் முன் இந்தத் தையல் காரணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலைத்துணியை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை. வெள்ளையை அப்படியே அப்பினால் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பொதுவான முறை இதுதான். அடியில் சாம்பலும் நீலமும் கலந்த மங்கல் பூச்சு. அது காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளையை மெல்லிசாக இழுத்துவிடுவார்கள், அடிப்பூச்சு தெரியத் தெரிய. மடிப்பு வெளிச்சத்தைப் பிடிக்கும் ஓரத்தில் மட்டும் கெட்டியான வெள்ளைத் தீற்றல் ஒன்று. எங்கே துணி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறதோ அங்கே வெண்மை கூடும், ஒற்றை அடுக்கில் உள்ளிருப்பது தெரியும். கொசுவலையை மடித்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வின்டர்ஹால்டர் இதில் கில்லாடி. 19-ஆம் நூற்றாண்டின் அத்தனை அரண்மனைகளும் அவரை அழைத்ததற்கு இந்தக் கை முக்கியமான காரணம்.

இதைக் கண்ணால் சரிபார்க்க, தூரத்தை மாற்றுங்கள். பத்தடி தள்ளி நின்று ஒரு பார்வை, பிறகு கயிறு அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி ஒரு பார்வை. திரையில் என்றால் முழுப்படம், பிறகு ஒரு நட்சத்திரம் மட்டும் திரை நிறையும் அளவுக்கு. தூரத்தில் வைரமாக மின்னியது நெருங்கியதும் நாலைந்து வண்ணப் பொட்டுகளாகச் சிதறிவிடும். சாம்பல் பொட்டு, அதன் மேல் மஞ்சள் ஒரு துளி, உச்சியில் தூக்கலாக ஒரு வெள்ளை. அவ்வளவுதான் வைரம். இந்த மாயம் உடையும் கணத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு எந்த எண்ணெய் ஓவியத்தின் முன்னாலும் உங்கள் கால் தானாக முன்னும் பின்னும் போகும். கேன்வாஸில் எல்லா இடமும் ஒரே கவனத்தோடு தீட்டப்படவில்லை என்பதையும் அப்போது கவனிப்பீர்கள். முகம் வழவழ, தூரிகைத் தடமே தெரியாது. பாவாடையும் பின்னணியும் வேகமான கை. ஓவியர் எதற்கு நேரம் கொடுத்தார், எதை ஓட்டினார் என்பதே ஒரு தகவல்.

சென்னையில் இருப்பவர்கள் இந்தப் பயிற்சிக்கு வியன்னா போக வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. அந்தக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போய், காலண்டரில் பார்த்துப் பழகிய சரிகையை அரையடி தூரத்தில் பாருங்கள். சரிகை மஞ்சள் கோடுகளாகக் கலைந்துபோகும்.

முகத்தை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். முகத்தில் தொடங்கினால் அழகா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வின்டர்ஹால்டர் வரைந்த பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் ஒன்றுவிட்ட சகோதரிகள் போலத்தான் இருப்பார்கள். நீள்வட்ட முகம், சரியும் தோள், பால் நிறம். அது அன்றைய ரசனை, அவர் கைப்பழக்கம், வாடிக்கையாளர் விருப்பம் மூன்றும் கலந்தது. இதனாலேயே அவர் காலத்து விமர்சகர்கள் பலர் அவரை வெறும் அலங்காரக்காரர் என்று ஒதுக்கினார்கள். நல்லவேளையாகச் சிசிக்குப் புகைப்படங்கள் உண்டு. 1867 ஹங்கேரி முடிசூட்டு விழா உடையில் எமில் ராபென்டிங் எடுத்த படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகைப்படத்துச் சிசி இன்னும் இறுக்கமானவர், கேமராவைக் கொஞ்சம் எடைபோட்டுப் பார்ப்பவர். ஓவியர் எங்கே மழுக்கியிருக்கிறார், எங்கே நெகிழ்த்தியிருக்கிறார் என்று ஒப்பிட முடியும். மூடிய உதடுகளையும் கவனியுங்கள். மருமகளின் பல் மஞ்சள் என்று மாமியார் சோஃபி குறை சொன்னார். பெரியம்மாவே மாமியாராக வந்தாலும் மாமியார் மாமியார்தான். பிறகு பார்வை. அது உங்கள் மேல் விழுகிறதா, ஒரு மயிரிழை தள்ளிப் போகிறதா? ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு பதில் வருகிறது.

இப்போது பெயர்ப்பலகையைப் படிக்கலாம். ஆண்டைப் பாருங்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 16 வயதில், 1854-இல், பவேரியாவிலிருந்து வந்த மணப்பெண். 1857-இல் முதல் மகள் இறந்துபோகிறாள். 1860 கடைசியில் உடல் நலிந்து அட்லாண்டிக் கடலின் மதெய்ரா தீவுக்குப் போகிறார், பிறகு கிரேக்கத் தீவான கோர்ஃபு. வியன்னாவுக்குத் திரும்புவது 1862-இல். போனவர் மாமியாருக்கு அடங்கிய பெண். வந்தவருக்குத் தன் தோற்றம் எவ்வளவு பெரிய பிடி என்று தெரிந்திருந்தது. 1865 ஆகஸ்ட் 27-இல் பாட் இஷ்ல் என்ற ஆஸ்திரியக் கோடை வாசஸ்தலத்திலிருந்து கணவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும், தன் சொந்த விஷயங்களிலும் முடிவு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று. ஃபிரான்ஸ் யோசெஃப் ஒத்துக்கொண்டார். ஓவியத்துக்குள் அந்தக் கடிதத்தைத் தேடாதீர்கள், அங்கே அது இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆண்டு. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தன் தலையில் வளர்ந்ததையே சூடிக்கொண்டு, முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பேரரசியை அரசாங்கப் படமாக ஏற்கவைக்க முடிந்திருக்கிறது என்பது மட்டும் கண்ணெதிரே இருக்கிறது. மறு ஆண்டு கோனிக்ரேட்ஸ் போரில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது.

கடைசிப் படி, ஒப்பீடு. வின்டர்ஹால்டர் சிசியைக் கூந்தல் அவிழ்ந்த கோலத்திலும் வரைந்திருக்கிறார். அவை ஊர் பார்க்க அல்ல, கணவர் பார்க்க. ஃபிரான்ஸ் யோசெஃப் அலுவல் பார்க்கும் அறையில் அவற்றை வைத்திருந்தார். நட்சத்திரப் படத்தைப் பார்த்த கையோடு இதைப் பாருங்கள். ஒரே முடி, ஒரே ஓவியர். ஒன்றில் அது ஆயுதம், மற்றதில் அந்தரங்கம். இதே ஓவியர் 1843-இல் 24 வயது பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவை இப்படியே வரைந்திருக்கிறார். சிவப்பு மெத்தையில் சாய்ந்து, பாதி அவிழ்ந்த கூந்தலோடு. கணவர் ஆல்பர்ட்டின் பிறந்தநாளுக்கு ரகசியமாகத் தயாரான பரிசு அது.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியும் இவர் கேன்வாஸில் இருக்கிறாள். குடகின் கடைசி அரசர் சிக்க வீரராஜேந்திரரின் மகள் கௌரம்மா. 1834-இல் ஆங்கிலேயர் நாட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு பிறந்தவள். 1852-இல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்றபோது விக்டோரியாவே ஞானத்தாய். அதே ஆண்டு, விக்டோரியாவுக்காக வின்டர்ஹால்டர் அவளை வரைந்தார், இந்திய உடையிலும் நகையிலும், கையில் பைபிளோடு. வயது பத்துப் பதினொன்றுதான் இருக்கும். மேலே சொன்ன கேள்விகளை அப்படியே அவள் படத்திடம் கேளுங்கள். யார் ஆர்டர், எங்கே மாட்ட, தலையில் என்ன, கையில் என்ன. சிசிக்குக் கிடைத்த சுதந்திரத்தில் ஒரு துளியாவது இந்தச் சிறுமிக்கு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1864-இல், சிசி ஜடையில் நட்சத்திரம் வைத்து நிற்பதற்கு முந்தைய ஆண்டு, கௌரம்மா இறந்துவிட்டாள்.

வியன்னாவில் நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படத்துக்கு நகல்களும் அச்சுகளும் ஏராளம். எது அசல், இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே போங்கள், குழுவோடு போகாதீர்கள். வார்னிஷ் மினுங்கி கண்ணை மறைத்தால் பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தால் போதும்.

வெளியே வருமுன் கையை ஒரு தரம் பாருங்கள். விசிறி பிடித்திருக்கிறார். முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே சிசி புகைப்படத்துக்கு உட்காருவதை நிறுத்திவிட்டார். பிறகு பொது இடத்தில் யாராவது கேமராவைத் தூக்கினால் முகத்தின் முன் விசிறி விரியும், அல்லது குடை. வயதான சிசியின் படங்கள் என்று சுற்றுபவற்றில் பல, இளமைக்காலப் படங்களைத் திருத்திச் செய்தவை. 1865-இல் அந்த விசிறி இன்னும் கீழேதான் இருக்கிறது.